600 ரூபாய் மிச்சம் பண்ணின கதை!

உங்க வீட்டுல கார் இருக்கா பாஸ்? இல்லைன்னா பக்கத்து வீட்டுக் கார், மாமா கார், எதுவா இருந்தாலும் சரி... ஒரு சின்ன வேலை செய்யுங்க. வண்டியை நிறுத்தி, ஸ்டீயரிங்கை ஒரு பக்கமா முழுசா ஒடிச்சு வெச்சுட்டு, முன் டயரோட உள்பக்கத்தை எட்டிப் பாருங்க. வெளிப்பக்கம் வேண்டாம், அதைத்தான் தினமும் பார்க்கறோமே! உள்பக்கம். யார் கண்ணுக்கும் படாத அந்த ரெண்டு இன்ச். எங்க அப்பா அந்த ரெண்டு இன்ச்சை நம்பி அஞ்சு மாசம் வண்டி ஓட்டியிருக்கார். உபயம்... அடியேன்!

நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம். ஊர் கோயம்புத்தூர். இந்த ஊர்ல மெக்கானிக்கல் படிக்கிற பசங்களுக்கே ஒரு தலைக்கனம் உண்டு. நரேன் கார்த்திகேயனோட ஊர், செட்டிபாளையத்துல ரேஸ் டிராக், தெருவுக்குத் தெரு லேத்துப் பட்டறை... ஏதோ பொறக்கும்போதே கையில ஸ்பானரோட பொறந்த மாதிரி ஒரு நெனப்பு. எனக்கு அது கொஞ்சம் ஓவராவே இருந்துச்சு.

எங்க வீட்டுல இருக்கறது 2012 மாடல் ஸ்விஃப்ட். போன வருஷம் முன்பக்க ஷாக் அப்சார்பர்ல ஆயில் கசிய ஆரம்பிச்சது. ‘மாத்திடு கண்ணு’னு அப்பா 12,000 ரூபாய் கொடுத்தார். அந்தப் பணத்துல ஒரிஜினல் பார்ட்ஸையே வாங்கிப் போட்டிருந்தா, நான் இன்னிக்கு இந்தப் பக்கத்துல கேன்டீன் போண்டா பத்தி எழுதிட்டு இருந்திருப்பேன். விதி, சீனியர் உருவத்துல வந்துச்சு. அவர்கிட்ட ஸ்போர்ட்ஸ் ஷாக் அப்சார்பரும், வண்டியை 40 மில்லிமீட்டர் இறக்கற ஸ்பிரிங்கும் செட்டா இருந்துச்சு. விலை 15,500. என் சேமிப்பு மொத்தத்தையும் வழிச்சுப் போட்டு வாங்கிட்டேன். அப்பாகிட்ட ‘ஷாக் மாத்தறேன்’னு மட்டும் சொன்னேன். பொய் இல்லையே... பாதி உண்மை!

சூலூர்ல ஃப்ரெண்டு வீட்டு ஷெட். ஒரு ஞாயித்துக்கிழமை. நாலு பேர், ரெண்டு ஜாக்கி, ஒரு பொட்டலம் பரோட்டா. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கிற கருவி வாடகைக்கு எடுத்தோம் (அதுல மட்டும் கஞ்சத்தனம் பண்ணலை, அமுக்கின ஸ்பிரிங் எகிறினா ஆளே காலி). சாயந்தரம் வண்டி கீழே இறங்கி நின்னப்போ... அடடா! சக்கரத்துக்கும் பாடிக்கும் நடுவுல இருந்த இடைவெளி குறைஞ்சு, வண்டி பதுங்கற புலி மாதிரி நின்னுச்சு. ஆளாளுக்கு போட்டோ எடுத்துத் தள்ளினோம்.

‘வீல் அலைன்மென்ட் பார்த்துடு மாப்ள’னு ஒருத்தன் சொன்னான். 600 ரூபாய் ஆகும். என்கிட்ட இருந்தது 140. அடுத்த மாசம் பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன். அடுத்த மாசம் இன்டர்னல். அதுக்கடுத்த மாசம் செமஸ்டர். கொடுமை என்னன்னா, அந்த செமஸ்டர்ல ஆட்டோமொபைல் பேப்பர்ல ‘கேம்பர், காஸ்டர், டோ ஆகியவற்றைப் படத்துடன் விளக்குக’னு 13 மார்க் கேள்வி. கலர் பென்சில்ல படம் போட்டு, மூணு பக்கம் வெளுத்துக் கட்டினேன். எங்க வண்டி வெளியே கேட்டுகிட்ட நின்னுட்டு இருந்துச்சு.

எனக்குத் தெரியாமலும் இல்லை. நேரா போகும்போது ஸ்டீயரிங் கொஞ்சம் கோணலா நிக்கும். கையை லேசா தளர்த்தினா வண்டி இடது பக்கம் போகும். நாலு நாள்ல கை பழகிடுச்சு. நமக்குத்தான் எதுவும் சீக்கிரம் பழகிடுமே!

அப்பாவுக்குப் பழகலை.

அப்பா பம்ப் கம்பெனியில ஃபோர்மேன். வயசு 57. அம்பாசடர்ல ஓட்டக் கத்துக்கிட்டவர். வண்டியில ஒரு கோடு விழுந்ததில்லை. அவர்தான் ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது, “என்னமோ தெரியலடா... வண்டி எடது பக்கமே போகுது. என் கைதான் சரியில்லை போல”ன்னார். நான் ரசத்தை ஊத்திட்டு, “ரோடு சரியில்லைப்பா”ன்னேன்.

அடுத்த வாரம் கண் டாக்டர்கிட்ட போய் புதுக் கண்ணாடி போட்டுட்டு வந்தார். அதுக்கடுத்து தினமும் காலையில வெந்நீர்ல கையை முக்கி, விரலை மடக்கி மடக்கி விரிச்சுட்டு உட்கார்ந்திருந்தார். ஊட்டியில இருந்து அக்காவையும் குழந்தையையும் மழையில கூட்டிட்டு வந்த அன்னிக்கு, வண்டியை விட்டு இறங்கினவர் சாவியை டிவி மேல வெச்சுட்டு ஒண்ணுமே பேசலை. அன்னிக்கு ராத்திரி மாடிப்படியில நின்னப்போ, அம்மாகிட்ட அவர் சொன்னது காதுல விழுந்துச்சு. “குழந்தையை வெச்சுட்டு இனி நான் ஓட்டலை. கால் டாக்ஸி சொல்லிக்கலாம். இல்லைன்னா அவன் ஓட்டட்டும்.”

நீங்களா இருந்தா அந்த நிமிஷமே உள்ளே போய் உண்மையைச் சொல்லியிருப்பீங்க. நான் மாடிக்குப் போய் தூங்கறமாதிரி படுத்துட்டேன். காலையில எழுந்து, ஃப்ரெண்டுகிட்ட 1,000 ரூபாய் கடன் வாங்கிட்டு, திருச்சி ரோட்டுல ஒரு அலைன்மென்ட் சென்டருக்கு வண்டியை விட்டேன். சத்தமில்லாம சரி பண்ணிடலாம், அப்பாவும் தானா மறுபடி ஓட்டுவார்... இதுதான் பிளான்.

அங்கே இருந்த அண்ணன் வண்டியை ஒரு சுத்து சுத்தி வந்தார். “ஸ்பிரிங் மாத்தியிருக்கீங்களா தம்பி?”

“ஆமாண்ணா.”

“மாத்தினப்புறம் அலைன்மென்ட் எப்போ பார்த்தீங்க?”

நான் செல்போனைப் பார்த்தேன்.

“பேலன்சிங் பண்ணினா சரியாயிடும்லண்ணா?”ன்னு சும்மா ஒரு பீட்டர் விட்டுப் பார்த்தேன். “அது வேகத்துல ஸ்டீயரிங் உதறினா பண்றது. உங்க வண்டி இழுக்குது”னு சொல்லிட்டே காத்து அடிச்சார், டை ராட் முனையை ஆட்டிப் பார்த்தார். அப்புறம் டிரைவர் பக்க டயருக்கு உள்ளே கையை விட்டு ஒரு தடவு தடவினார். சட்டுனு கையை எடுத்தார். விரல்ல ரத்தம்! டயர் உள்பக்கம் ரப்பர் போய், கம்பி வெளியே வந்திருக்கு.

வெளியே இருந்து பார்த்தா அந்த டயர்ல பட்டன் எல்லாம் நல்லாவே இருந்துச்சு பாஸ். அதுதான் இதுல இருக்கற விவகாரமே.

மெஷின்ல ஏத்தினதும் மிச்சக் கதை தெரிஞ்சது. நாலு சக்கரத்துலயும் கிளாம்ப் மாட்டி, வண்டியைக் கொஞ்சம் முன்னாடி பின்னாடி உருட்டினா, கேமரா பார்த்து ஸ்கிரீன்ல கோணத்தைக் காட்டும். சரின்னா பச்சை, தப்புன்னா சிவப்பு. எங்க வண்டிக்கு ஸ்கிரீன் குங்குமம் கொட்டின மாதிரி இருந்துச்சு. முன் சக்கரத்தை முன்னால நின்னு பார்த்தா மேல்பக்கம் உள்ளே சாயறது நெகட்டிவ் கேம்பர். வண்டியை இறக்கினாலே அது கொஞ்சம் கூடும். எங்களுக்கு வலது பக்கம் 1.9 டிகிரி, இடது பக்கம் 0.6. ஏன் இப்படி? ஷாக் அப்சார்பரை சக்கரத்தோட சேர்க்கற ரெண்டு போல்ட்டுக்கும் ஓட்டையில துளி இடம் இருக்கும். பரோட்டா ஆறிடும்கிற அவசரத்துல நாங்க ஒரு பக்கம் உள்ளே தள்ளி முறுக்கியிருக்கோம், இன்னொரு பக்கம் வெளியே தள்ளி முறுக்கியிருக்கோம். சாய்வு குறைவா இருக்கற பக்கமாத்தான் வண்டி இழுக்கும். அதான் இடது!

இழுத்தது கேம்பர்னா, டயரைத் தின்னது டோ. மேலே இருந்து பார்த்தா ரெண்டு முன் சக்கரமும் நேரா இருக்கா, இல்லை வாத்துக் கால் மாதிரி வெளியே விரியுதான்னு சொல்றது டோ. வண்டி உயரம் மாறினா, சக்கரத்தைப் பிடிச்சிருக்கற ஆர்மும், திருப்பற டை ராடும் வேற வேற வளைவுல நகரும். சக்கரம் திரும்பிக்கும். எங்க வண்டியில ஒவ்வொரு சக்கரமும் அரை டிகிரி வெளியே. ‘அட, அரை டிகிரிதானே’னு தோணுதா? எனக்கும் தோணுச்சு. அங்கேயே செல்போன்ல கணக்கு போட்டேன். அரை டிகிரிக்கு சைன் மதிப்பு 0.0087. அதாவது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் டயர் கிட்டத்தட்ட 9 மீட்டர் குறுக்குவாட்டுல தேய்க்கப்படுது. அஞ்சு மாசத்துல 6,000 கிலோமீட்டர் ஓடியிருந்துச்சு. அப்படின்னா 50 கிலோமீட்டருக்கு மேல! கோயம்புத்தூர்ல இருந்து திருப்பூர் வரைக்கும் டயரைக் குறுக்கே போட்டு இழுத்துட்டுப் போன கணக்கு. அது மேலதான் அக்கா, குழந்தை, ஊட்டி மலைரோடு, மழை.

ரேஸ் கார்ல வேணும்னே நெகட்டிவ் கேம்பர் வைப்பாங்க, வளைவுல வண்டி சாயும்போது வெளிப்பக்க டயர் ரோட்டுல முழுசா படியணும்னு. இதைத்தான் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட பில்டப்பா சொல்லிட்டு இருந்தேன். அவங்க அளந்து வைக்கறாங்க, நாங்க பரோட்டா சாப்பிட்டு வெச்சோம்!

“இந்த டயரை வெச்சுட்டு அலைன்மென்ட் பண்ணிப் பிரயோஜனமில்லை தம்பி. முன்னாடி ரெண்டும் மாத்தணும். 8,800 ஆகும். வீட்டுல சொல்லிடுங்க”ன்னார் அண்ணன். என்கிட்ட கடன் வாங்கின 1,000. பிளான் புஸ்ஸ்ஸ்!

அப்பாவுக்கு போன் பண்ணினேன். அம்மாவோட ஸ்கூட்டியில வந்தார், யூனிஃபார்மோட. ஸ்பிரிங், 15,500, சூலூர், 600 ரூபாய்... எல்லாத்தையும் ஒரே மூச்சுல ஒப்பிச்சேன். அறை விழும்னு கன்னத்தைத் தயாரா வெச்சிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. ஸ்கிரீனைப் பார்த்தார். கழட்டிப் போட்ட டயர்ல கம்பியைப் பார்த்தார். அப்புறம் அந்த அண்ணன் பக்கம் திரும்பி, சின்னப் பையன் மாதிரி கேட்டார்:

“அப்ப என் கையில ஒண்ணும் இல்லீங்களா?”

“உங்க கைக்கு என்னங்கண்ணா? அந்த வண்டியை நேரா ஓட்டினதே பெருசு”ன்னார் அண்ணன்.

அப்பா தலையை ஆட்டிட்டே போய் ஸ்டூல்ல உட்கார்ந்துட்டார். எனக்கு அந்த இடத்துல நிக்க முடியலை. டீ வாங்கறேன்னு சொல்லிட்டு ரோட்டைத் தாண்டிப் போய், டீ வாங்காமலே கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்தேன்.

வேலை ஒன்றரை மணி நேரம் ஆச்சு. முதல்ல பின்சக்கரம் பார்த்தார். ஸ்விஃப்ட்ல பின்பக்கம் ஒரே இரும்புக் கட்டை மாதிரி அச்சு, திருப்ப எதுவும் கிடையாது. கோணம் சரியா இருக்கான்னு பார்க்க மட்டும்தான் முடியும். நல்லவேளை, சரியா இருந்துச்சு. முன்பக்கம் ஒரு போல்ட்டை எடுத்துட்டு, மையம் விலகின கேம்பர் போல்ட் போட்டார். அதைத் திருப்பத் திருப்ப சக்கரம் சாய்ஞ்சு நிமிர்ந்தது. ரெண்டு பக்கமும் ஒரே அளவுக்கு, ஒரு டிகிரிகிட்ட கொண்டுவந்து நிறுத்தினார். டோ எப்பவும் கடைசிதான். கேம்பரை மாத்தினா டோ மாறிடும், அதனால முதல்ல அதை வெச்சா வேலை வீண். ஸ்டீயரிங்கை நேரா பூட்டி வெச்சுட்டு, கீழே போய் டை ராடைத் துளித் துளியா திருப்பினார். சிவப்பு பச்சையாச்சு.

கிளம்பும்போது, “ஸ்பிரிங் மாத்தினா அன்னிக்கே ஒரு தடவை பார்க்கணும் தம்பி. ஸ்பிரிங் உட்கார்ந்ததும் இன்னொரு தடவை. இப்ப போல்ட் புதுசு, 500 கிலோமீட்டர்ல வாங்க, டைட் பார்த்துத் தரேன்”ன்னார். ஹெட்லைட் தரையைப் பார்த்துட்டு இருந்ததையும் தூக்கி வெச்சார், காசு வாங்கலை.

இதுக்கு நடுவுல இன்னொரு மேட்டரையும் படிச்சு வெச்சேன். கம்பெனி கொடுத்த அமைப்பை நம்ம இஷ்டத்துக்கு மாத்தறதை மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு அனுமதிக்காது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதையேதான் சொல்லியிருக்கு. சாவியைக் கொடுத்த அப்பாவுக்கும் அது தெரியாது, பார்ட்ஸ் வித்த சீனியரும் சொல்லலை.

அன்னிக்கு அப்பாதான் ஓட்டினார். எல் அண்ட் டி பைபாஸ்ல, முன்னாடி பின்னாடி வண்டி இல்லாத இடமா பார்த்து, ரெண்டு கையையும் ஸ்டீயரிங்ல இருந்து ஒரு அங்குலம் தூக்கினார். வண்டி நேரா போச்சு. ஒரு நிமிஷம் சிரிச்ச மாதிரி இருந்துச்சு. அப்புறம் மெதுவா, ரொம்ப மெதுவா, இடது பக்கம் நகர்ந்தது.

“இழுக்குதே?”

“இல்லைப்பா, மழைத்தண்ணி வடியறதுக்காக ரோட்டையே ஓரமா சரிச்சுத்தான் போடுவாங்க. இந்த அளவு இருக்கத்தான் செய்யும்.”

“இது நெசமா?”

“நெசமாப்பா.”

ஒண்ணும் சொல்லலை. 500 கிலோமீட்டர் ஆனதும் மறுபடி போனோம். வண்டியை நிறுத்தினதும், போல்ட், டயர் எதையும் கேட்காம, அந்த அண்ணன்கிட்ட அப்பா கேட்ட முதல் கேள்வி: “ஏனுங், ரோடு சரிவா இருந்தா வண்டி எடது பக்கம் போகுங்களா?”

“ஆமாங்கண்ணா, போகத்தான் செய்யும்.”

அப்பா என் பக்கம் திரும்பினார். “பழைய ஸ்பிரிங் எங்கே வெச்சிருக்கே?”

“பரண்ல... கொலு பொம்மைப் பெட்டிக்குப் பின்னாடிப்பா.”

“ஞாயித்துக்கிழமை எடுத்து வை. நானும் வரேன் சூலூருக்கு.”