ஏரிக்கரையில் ஒரு தூண்டில் பாடம்

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைக் கடந்து, திருமழிசை, செம்பரம்பாக்கம் என ஊர்கள் ஒவ்வொன்றாய்ப் பின்னிட, ஸ்ரீபெரும்புதூரை எட்டுமுன் வருவது தண்டலம். இப்பெயரில் சென்னையைச் சுற்றிலும் ஊர்கள் பல உண்டு. நாம் சொல்வது இந்த நெடுஞ்சாலைத் தண்டலத்தை. முன்னாளில் ஏரிப் பாசனத்தை நம்பி நெல் விளைந்த வட்டாரம் இது. 1998ஆம் ஆண்டு அண்டையிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார்க் கார்த் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. அதன்பின் ஒரகடம் வரை தொழிற்கூடங்கள் எழுந்தன. இன்று சாலையில் நின்று பார்த்தால், புத்தம் புதிய கார்களை அடுக்கிச் செல்லும் நீண்ட லாரிகளே கண்ணில் படும்.

ஆயினும் சாலையை விட்டுக் கிழக்கும் தெற்குமாகச் சிறிது தூரம் நடந்தால் காட்சி மாறிவிடுகிறது. செம்பரம்பாக்கம் பேரேரியின் மேற்குப் புறம் அங்கே தொடங்குகிறது. 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் உடைய இவ்வேரி, சென்னை மாநகருக்குக் குடிநீர் தருவது. 2015 டிசம்பரில் இதிலிருந்து திறந்துவிடப்பட்ட வெள்ளம் அடையாற்றில் பெருகியதையும், 2019 கோடையில் இதுவே வறண்டு வெடித்துக் கிடந்ததையும் கண்டவர்கள் நம்மில் பலர். இப்பேரேரியைச் சுற்றிச் சிற்றேரிகளும் தாங்கல்களும் பல உள்ளன. நாம் சென்றது அத்தகைய சிற்றேரி ஒன்றின் கரைக்கே.

சென்றதற்குக் காரணம் நம் தமக்கையின் மகன். ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரியும் அவன், இரவு முறை வேலை முடிந்தால் அறையில் படுத்துக் கைப்பேசியில் படம் பார்ப்பான். அப்படிப் பார்த்தவற்றுள் அவன் நெஞ்சைக் கொள்ளை கொண்டது, கனடா நாட்டுப் பிரேசர் ஆற்றில் ஸ்டர்ஜன் என்னும் மாபெரும் மீனைத் தூண்டிலால் பிடிக்கும் காட்சி. உடனே தன் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியைச் செலவிட்டு, அம்மீனுக்கென்றே செய்த தூண்டிற்கோல் ஒன்றைத் தருவித்துவிட்டான். “மாமா, ஞாயிற்றுக்கிழமை நீங்களும் வாருங்கள். பெரிய மீனோடுதான் வீடு திரும்புவோம்” என்றான். அவன் உற்சாகத்தைக் குலைக்க மனமின்றி உடன் சென்றோம்.

ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருப்பவை. அவற்றின் மீன்பிடி உரிமையை ஏலத்தில் குத்தகைக்கு விடுவதுண்டு. ஆகவே தூண்டிலோடு செல்வோர் முதலில் செய்யவேண்டியது, உரிமை யாருடையது எனக் கேட்டு இசைவு பெறுவதே. குடிநீர் ஏரிகளிலோ கட்டுப்பாடு இன்னும் மிகுதி. நாமும் குத்தகைதாரராகிய பெரியவரைத் தேடிச் சென்று கேட்டோம். அவர் மறுக்கவில்லை. நம்மோடு கரைக்கே வந்தார். வழியில், நீருக்குள் நின்ற கருவேல மரமொன்றின் கிளையில் வெண்கொக்கு ஒன்று தலைகீழாய்த் தொங்கிக் காய்ந்திருந்தது. பெரியவர் அதை ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் நடந்தார்.

மருமகன் தன் தூண்டிலை உறையிலிருந்து எடுத்தான். 12 அடி நீளக் கோல். உலக்கை போல் விறைப்பு. கைக்கு அடங்காத ரீல். அதில் 80 பவுண்டு இழுவையைத் தாங்கும் பின்னல் நரம்பு 300 மீட்டர். கால் கிலோ ஈயக்குண்டு. சுண்டுவிரல் நீளத்திற்கு முள். பெரியவர் முள்ளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, “தம்பி, இது எந்த மீனுக்குச் செய்தது?” என்று கேட்டார். ஏளனமாக அன்று, அறிந்துகொள்ளும் ஆவலோடுதான் கேட்டார்.

அக்கேள்விக்கு விடை சொல்ல, ஸ்டர்ஜனைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். பிரேசர், கொலம்பியா ஆறுகளில் வாழும் வெள்ளை ஸ்டர்ஜன் மூன்று மீட்டருக்கும் மேலாக வளரக்கூடியது, நூறாண்டும் வாழக்கூடியது. மேனியில் எலும்புத் தகடுகள் வரிசையாய் உண்டு. அதற்குப் பல் இல்லை. மூக்கின் கீழே தொங்கும் நான்கு மீசைகளால் ஆற்றின் அடிமண்ணைத் துழாவி, இரையைக் குழாய் போன்ற வாயால் உறிஞ்சிக்கொள்ளும். ஓடும் ஆற்றின் அடியில் இரையை நிறுத்தவேண்டுமாதலால், நீரின் விசைக்குத் தக்கபடி கால் கிலோ, அரைக் கிலோ ஈயம் வேண்டியிருக்கிறது. படகில் செல்வோர் மீன் ஓடும் திசையில் பின்தொடரலாம். கரையில் நிற்பவருக்கு அது இயலாது. அதனால்தான் அவ்வளவு நீள நரம்பும், பெருமீனை நெடுந்தொலைவிலிருந்தும் மீட்கும் விறைத்த கோலும் அவர்களுக்குத் தேவைப்படுகின்றன.

இன்னொன்றும் உண்டு. அங்கே அந்த மீனை யாரும் வீட்டுக்கு எடுத்துச் செல்வதில்லை. பிரேசர் ஆற்றில் பொழுதுபோக்காய்ப் பிடிப்போர் பிடித்த ஸ்டர்ஜனை மீண்டும் நீரில் விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். நுனிக்குக் கீழே பின்னோக்கி நீளும் சிறு கொக்கி இல்லாத, வழவழப்பான ஒற்றை முள்ளையே பயன்படுத்த வேண்டும். உலகில் எஞ்சியுள்ள ஸ்டர்ஜன் இனங்கள் அனைத்துமே அழிவின் அபாயத்தில் உள்ளன என 2022இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்தது. அங்குள்ள கனத்த தூண்டில் வலிமையைக் காட்டுவதற்காக மட்டும் அன்று. மீனைக் களைத்துச் சாகடிக்காமல் விரைவில் கரை சேர்த்து, உயிரோடு திருப்பி அனுப்புவதற்காகவுமே. இச்செய்தி மருமகன் பார்த்த படங்களில் இருந்திருக்கும். அவன் கண்ணில் பட்டதோ மீனின் அளவு மட்டுமே.

இவற்றைக் கேட்ட பெரியவர் தலையசைத்தார். “நம்ம கெளுத்திக்கும் மீசைதான் கண். ராத்திரியில, கலங்கல் தண்ணியில, மீசையாலதான் தேடும். ஆனா அதன் வாய்க்குள்ள இந்த முள் போகாது தம்பி” என்றார். உண்மைதான். காலை முழுதும் அம்மாபெரும் முள்ளில் செருகிய புழுக்களைச் சிறு மீன்கள் கொறித்துத் தின்றனவே அன்றி, ஒன்றும் அகப்படவில்லை. கால் கிலோ ஈயம் தொப்பென்று விழுந்த ஓசையிலே அருகிருந்த மீன்களும் அகன்றிருக்க வேண்டும்.

பெரியவர் தம் மூங்கில் கழியைக் காட்டினார். பத்தடிக் கழி, ஏறத்தாழ அதே நீளத்திற்கு நைலான் நரம்பு, சிறு தக்கை, பயற்றளவு ஈயம், சிறிய முள். ரீல் இல்லை. அரைமணி நேரத்தில் மூன்று கெளுத்திகள் அவர் கூடையில் விழுந்தன. பிடித்தவற்றை அவர் துணி சுற்றிய கையால் பற்றினார். கெளுத்தியின் முதுகிலும் இரு பக்கங்களிலும் உள்ள முட்கள் கையைக் கிழிக்கும். தேளி மீனின் முள்ளிலோ நஞ்சே உண்டு. தூண்டிற் பையில் ஒரு குறடும் பழந்துணியும் இருப்பது அவசியம் என்பதை அப்போது அறிந்தோம்.

பிறகு அவர் சொன்னவற்றையும், நாம் பின்னர்க் கேட்டும் படித்தும் அறிந்தவற்றையும் ஆர்வமுள்ள வாசகர்களுக்காகத் தொகுத்துத் தருகிறோம்.

முதலாவது, எந்த மீன் எந்த மட்டத்தில் இரை தேடுகிறது என அறிதல். ஏரிகளில் விடப்படும் வளர்ப்பு மீன்களுள் கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுமட்டத்திலும், மிர்கால் அடிமட்டத்திலும் மேயும். மேல்மட்ட மீனுக்குத் தக்கை வேண்டும். அடிமட்ட மீனுக்கு ஈயம் வேண்டும். கெளுத்திக்கு மண்புழுவும் கோழிக்குடலும் ஏற்ற இரை. ரோகுவுக்கும் மிர்காலுக்கும் தவிடும் கடலைப் பிண்ணாக்கும் பிசைந்த உருண்டை போதும்.

இரண்டாவது, கோல். தேங்கிய நீரில் ஏழு முதல் ஒன்பது அடி வரையுள்ள, வளைந்து கொடுக்கும் கோலே சிறந்தது. மீன் திடீரென்று இழுக்கையில் அந்த அதிர்ச்சியைக் கோலின் வளைவு தாங்கிக்கொள்ளும். விறைத்த கோலில் அது முழுவதும் நரம்பின் மேலும் மீனின் வாயின் மேலும் விழும்.

மூன்றாவது, நரம்பு. நம் ஏரிகளுக்கு 0.35 மில்லிமீட்டர் தடிப்புள்ள நைலான் போதுமானது. ஏறத்தாழ 7, 8 கிலோ இழுவையைத் தாங்கும். ரீலின் பிடிமானத்தை அந்த வலிமையில் கால் பங்குக்கு மேல் இறுக்கக் கூடாது. இதை வீட்டிலேயே சோதிக்கலாம். இரண்டு லிட்டர் நீர் நிறைந்த பாட்டிலை நரம்பில் கட்டித் தூக்கினால், ரீல் மெல்ல நரம்பை விட்டுக்கொடுக்க வேண்டும். முடிச்சு இறுகுமுன் அதை எச்சிலால் நனைத்தல் வேண்டும். உலர்ந்த நரம்பு உராய்வின் சூட்டில் நலிந்துவிடும்.

நான்காவது, முள். முள்ளின் எண் ஏற ஏற அளவு சிறுக்கும். ஆனால் எண்ணுக்குப் பின் சாய்கோடும் சுழியும் இருந்தால், எண் ஏற ஏற அளவு பெருக்கும். இக்கணக்கை அறியாதோர் கடையில் ஏமாறுவர். கெளுத்திக்கு 6 அல்லது 8ஆம் எண் முள் ஏற்றது. நுனி உட்புறம் வளைந்த வட்டமுள் இன்னும் மேலானது. மீன் விலகிச் செல்கையில் அது தொண்டையில் இறங்காமல் வாயின் ஓரத்தில் மாட்டிக்கொள்ளும். வெடுக்கென்று சுண்டி இழுக்காமல், நரம்பை மெல்ல இறுக்கினாலே போதும். சூதில் வரும் வெற்றியை, இரையென எண்ணித் தூண்டில் முள்ளை விழுங்கிய மீனுக்கு வள்ளுவர் ஒப்பிட்டார். விழுங்கிய முள் மீனை விடாது என்பது அவர் காலத்திலேயே தெரிந்த செய்தி.

ஐந்தாவது, ஈயம். நடுவே துளையுள்ள குண்டினூடே நரம்பு தாராளமாய் ஓடும்படி அமைத்தால், இரையைக் கவ்விய மீன் பாரத்தை உணராது. ஸ்டர்ஜனுக்கும் கெளுத்திக்கும் பொதுவான முறை இது ஒன்றே. ஆனால் ஈயம் நஞ்சு. குடிக்கும் நீரில் அதை விட்டுவருவது தகாது. பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் நட்டு ஒன்றே அவ்வேலையைச் செய்துவிடும்.

பிற்பகலில் மருமகன் தன் பெருந்தூண்டிலைச் சுருட்டி வைத்துவிட்டு, தண்டலத்துக் கடையொன்றில் மலிவான சிறு கோல் வாங்கி வந்தான். மறுகோடிக்குப் போய்விட்டான் என்றே சொல்லவேண்டும். அதிலிருந்த நரம்பு 0.20 மில்லிமீட்டர்; மூன்று கிலோவைத் தாங்குவதே அரிது. ரீலை முற்றாக இறுக்கியும் விட்டான். சிறிது நேரத்தில் தக்கை ஒரேயடியாய் அமிழ்ந்தது. கோல் வளைந்தது. நீருக்கடியில் அகன்ற வெள்ளி முதுகொன்று புரண்டதை மூவரும் கண்டோம், நல்ல கட்லா. “மாமா, பிடித்துவிட்டேன்!” என்று அவன் கூவி முடிக்குமுன் நரம்பு அறுந்தது. முள்ளையும் தக்கையையும் நான்கு பாகம் நரம்பையும் இழுத்துக்கொண்டு மீன் போய்விட்டது. தக்கை மட்டும் தொலைவில் ஒருமுறை எழுந்து மறைந்தது.

மருமகன் தலையில் கை வைத்து அமர்ந்தான். பெரியவர் நெடுநேரம் நீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “மீன் போனா போகட்டும் தம்பி. வாயில முள்ளை வச்சுக்கிட்டு அது இனி எப்படி மேயும்?” என்றார்.

அவ்வளவுதான் அவர் சொன்னது. காலையில் கண்ட கொக்கு அப்போது நம் மூவர் நினைவிலும் வந்திருக்க வேண்டும். யாரோ அறுத்துவிட்டுப் போன நரம்பு அது. நைலான் எளிதில் மக்குவதில்லை. மனிதன் மறந்த பின்னும் அது நீரிலும் கிளையிலும் காத்துக்கொண்டிருக்கும். வலிமை மிகுந்த தூண்டிலால் காலையில் நமக்கு மீன்தான் கிட்டவில்லை. வலிமை குறைந்த தூண்டிலால் மாலையில் ஓர் உயிருக்கு ஊறு செய்தோம். தூண்டிலைத் தேர்ந்தெடுப்பது பிடிப்பவனின் வசதியைப் பற்றியது மட்டும் அன்று என்பது அந்தக் கரையில் நமக்கு விளங்கிற்று. பிடித்தால் விரைவில் கரையேற்ற வேண்டும். விட்டால் நலமாய் விடவேண்டும். இவ்விரண்டுக்கும் உதவாத தூண்டில், விலை எதுவாயினும், தகாத தூண்டிலே.

விராலைப் பற்றியும் பெரியவர் ஒரு சொல் சொன்னார். மழைக்காலத்தில் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாய் நீர்மேல் திரளும். அவற்றின் கீழே தாயும் தந்தையும் காவல் நிற்கும். அவ்வேளை எதை வீசினாலும் அவை சீறிப் பாய்ந்து கவ்வும். பிடிப்பது மிக எளிது. “அந்த நேரத்துல நான் தூண்டில் போடறதில்லை. குத்தகைப் பணம் எனக்கும் கட்டணும்தான். ஆனாலும் போடறதில்லை” என்றார்.

பொழுது சாய்ந்தது. நெடுஞ்சாலையில் முறை மாறும் தொழிலாளரை ஏற்றிய பேருந்துகள் விளக்கெரியச் செல்லத் தொடங்கின. புறப்படலாம் என்று திரும்பினோம், மருமகனைக் காணவில்லை. கால்சட்டையை முழங்காலுக்கு மேல் மடித்துக்கொண்டு, குறடோடு அந்தக் கருவேல மரத்தை நோக்கி நீரில் இறங்கியிருந்தான். முட்கிளைகளினிடையே சிக்கிய நரம்பைத் துண்டு துண்டாய் நறுக்கி, ஒன்றுவிடாமல் சுருட்டிச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டான். கொக்கை எடுத்துக் கரையில் குழி தோண்டி மூடினான்.

பெரியவர் தம் கூடையிலிருந்த மூன்று கெளுத்திகளையும் ஒரு தாமரை இலையில் சுற்றி அவன் கையில் கொடுத்தார். “அடுத்த வாரம் வா தம்பி. கழி நான் வெட்டி வைக்கிறேன்” என்றார்.