தோவாளைப் பக்கம் ஒரு தாமரைத் தொட்டி வீடு

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் பஸ்ஸில் போகிறவர்கள் முப்பந்தல் வருவதற்குள் கண்ணாடியை இறக்கிவிடுவார்கள். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அப்படி. இருபுறமும் காற்றாலைகள் சுற்ற, கணவாய் தாண்டியதும் தோவாளை. விடியுமுன்னே நடக்கும் அந்தப் பூச்சந்தையைப் பார்க்கப் பலர் வருகிறார்கள். நான் போனது பூப் பார்க்க அல்ல, என் தவறைப் பார்க்க.

நமது கேள்வி-பதில் பகுதிக்கு அந்தப் பக்கத்துச் சகோதரி ஒருவர் எழுதியிருந்தார். வீட்டு முற்றத்தில் 22 சிமெண்ட் தொட்டிகளில் தாமரையும் அல்லியும் வளர்த்துச் சந்தைக்குக் கொடுக்கிறார். இலையில் கறுப்பாகப் பேன் மாதிரிப் பூச்சி, என்ன செய்யலாம் என்பது கேள்வி. அசுவினிதானே என்று, வேப்பெண்ணெயுடன் சோப்புக் கரைசல் கலந்து தெளிக்கச் சொல்லிவிட்டேன். தட்டைப்பயறுக்கும் கத்தரிக்கும் முப்பது வருடமாகச் சொல்லி வந்த பதில். தொட்டியில் மீன் உண்டா என்று கேட்கத் தோன்றவில்லை.

“நீங்க சொன்ன மாதிரிதான் அடிச்சேன் சார். மறுநாள் காலையில கப்பி மீனெல்லாம் செத்து மெதக்கு” என்றார் போனில். அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

போய்ப் பார்த்தால், எண்ணெய் 14 தொட்டிக்குத்தான் போதியிருக்கிறது. அவற்றில் நீர்மேல் எண்ணெய்ப் படலம், அடியில் துள்ளும் கொசுப்புழு. எண்ணெய் மூடினால் நீருக்குள் காற்று இறங்காது. சோப்பு மீனின் செவுளை அரித்துவிடும். மீன் போனபின் படலம் விலகிய இடமெல்லாம் கொசு முட்டையிட்டுவிட்டது. டெங்கு ஆய்வுக்கு வந்தவர்கள் ஒரு வாரத்தில் சரிசெய்யாவிட்டால் தொட்டிகளைக் கவிழ்த்துவிடுவோம் என்று சொல்லிப் போயிருந்தார்கள். ஆடி வெள்ளிக்குப் பூ எடுக்கக் காத்திருந்த குடும்பம். எனக்குக் கொடுத்த காப்பி தொண்டையில் இறங்கவில்லை.

மருந்து படாத 8 தொட்டிகள்தான் எனக்குப் பாடம் நடத்தின. அங்கே அசுவினி இல்லாமல் இல்லை. ஆனால் நீரில் படிந்த அல்லி இலையில் குறைவு, நீருக்கு மேலே நிமிர்ந்து நின்ற தாமரைத் தண்டிலும் மொட்டுக் காம்பிலும்தான் மொய்த்திருந்தது. விழுந்ததையெல்லாம் கப்பி தின்றுகொண்டிருந்தது.

இந்த அசுவினி நீர்ச்செடிக்கென்றே உள்ள இனம். அல்லி, தாமரை, ஆகாயத்தாமரை, பாசி போல மிதக்கும் சிற்றிலைச் செடி, அசோலா எல்லாவற்றிலும் உட்காரும். எடை குறைவு, உடம்பு நனையாது. அதனால் நீர்ப்பரப்பின் மேலேயே நடந்து அடுத்த இலைக்குப் போய்விடும். நம் வெப்பத்தில் ஆண் துணையில்லாமலே குட்டி போடும். குட்டி ஒரு வாரம், பத்து நாளில் தாயாகும். கூட்டம் நெருங்கினால் சிறகு முளைத்தவை உருவாகிக் காற்றோடு போகும். ஆரல்வாய்மொழிக் காற்றுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு வேறென்ன சொல்ல?

அன்றே வேலையில் இறங்கினோம். குழாயைத் தொட்டிக்குள் போட்டுத் தண்ணீரை நிரம்பி வழியவிட்டோம். படலம் விளிம்பு வழியே வெளியேறியது. வடிகட்டித் துணியால் புழுக்களை அள்ளி முற்றத்தில் கொட்டினோம். கோழிகள் மீதம் வைக்கவில்லை. பாதித் தண்ணீரை மாற்றி, இரண்டு நாள் கழித்து 8 தொட்டி மீன்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து விடச் சொன்னேன். தொட்டிக்கு நாலைந்து போதும், தானே பெருகும்.

அசுவினிக்கு மருந்தே வேண்டாம். குழாய் வாயை விரலால் அழுத்தி, தாமரை இலையின் அடிப்புறமும் காம்பும் படும்படி பீய்ச்சி அடித்தால் உதிரும், மீன் பார்த்துக்கொள்ளும். மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்று வாரம் விடாமல் செய்ய வேண்டும்; ஒருமுறை அடித்துவிட்டு ஓய்ந்தால் பயனில்லை. அல்லி இலைகளை, ஓரத்தில் கல் கட்டிய பழைய வலையைப் போட்டு ஒரு பகல் ஒரு இரவு நீருக்குள் அமுக்கி வைக்கலாம். மஞ்சளான இலையைக் கிள்ளி உரக்குழியில் போடுங்கள். ஆகாயத்தாமரை என்றால் இன்னும் சுலபம்: செடியையே தூக்கி வாளியில் முக்கி அலசிவிட்டுத் திருப்பி விடலாம். வேப்பெண்ணெய்க் கரைசல் கட்டாயம் வேண்டுமென்றால் அந்த வாளியோடு நிற்கட்டும், நன்றாகக் கழுவியபின் செடி தொட்டிக்குப் போகட்டும். கழிக்கிற ஆகாயத்தாமரையைக் குளத்திலோ வாய்க்காலிலோ வீசிவிடாதீர்கள், ஊரே அனுபவிக்கும்.

யூரியாவைக் கை நிறையப் போட்டிருந்ததும் தெரிந்தது. தழைச்சத்து மிஞ்சிய இளஞ்சாறுதான் அசுவினிக்கு விருந்து. பொறிவண்டின் புழுவைக் காட்டியபோது, “ஐயோ, இதையல்லவா நசுக்கிட்டிருந்தேன்” என்றார். பைரித்ராய்டு வகை மருந்து மீனுக்குக் கொடிய விஷம் என்பதையும், பயிர் மருந்து எதுவும் தொட்டிப் பக்கம் வரக்கூடாது என்பதையும் அவர் கணவரிடம் தனியாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

கெடு நாளன்று வந்தவர்கள் டார்ச் அடித்துப் பார்த்துப் புழு இல்லையென்று போய்விட்டார்களாம். முதல் ஆடி வெள்ளிக்குப் பாதிப் பூதான் கிடைத்தது. அந்த நஷ்டத்தில் எனக்கும் பங்கு உண்டு.

போன வாரம் மறுபடி பேசினார். இப்போது அசோலாத் தொட்டியில் பச்சைப் புழு. பதில் சொல்லுமுன் அதை மாட்டுக்குப் போடுகிறீர்களா, கோழிக்கா, தொட்டியில் மீன் இருக்கிறதா என்று கேட்டேன். “எல்லாம் உண்டு சார்” என்றார். நேரில் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.