சோறு குழைந்த கதை

கல்யாணச் சாப்பாட்டில் சாம்பாரைப் பற்றிப் பேசுவார்கள், பாயசத்தைப் பற்றிப் பேசுவார்கள். சோற்றைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். பேசினால் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று அர்த்தம். அப்படி ஊரே பேசிய ஒரு சோற்றை வடித்தவன் அடியேன்தான்.

காட்டுமன்னார்கோயில் பக்கம் தை, மாசியில் முகூர்த்தம் அதிகம். அறுவடை முடிந்து கையில் காசு இருக்கும் நேரம். லீவு நாட்களில் எங்கள் ஊர் சமையல் மாஸ்டர் ஒருவரோடு பந்தி பரிமாறப் போவேன். செலவுக்குக் காசு, வயிற்றுக்கு விருந்து, இரண்டும் கிடைக்கும். முதல் வருடம் தண்ணீர் ஊற்றினேன். பிறகு அப்பளம். அதற்குப் பிறகு சாம்பார் வாளி. (பந்தி பரிமாறுவதில் சாம்பார் வாளி என்பது பெரிய பதவி உயர்வு. பட்டு வேட்டி மேல் கொட்டாமல் ஊற்றத் தெரிய வேண்டும்.)

ஒரு கல்யாணத்தில் மாஸ்டர் திடீரென்று கூப்பிட்டு, "டேய், இன்னிக்கு சோத்தை நீ பாத்துக்க" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கோட்டை அடுப்பு, அண்டா, எனக்குக் கீழே இரண்டு பேர்! அதில் ஒருவர் ஒரு அக்கா. பன்னிரண்டு வருடமாக மாஸ்டரிடம் அரிசி களைவதும் காய் நறுக்குவதும் அவர் வேலை.

முதல் அண்டா பிரமாதமாக வந்தது. பூப்போல சோறு. எனக்குக் கால் தரையில் இல்லை. இரண்டாவது அண்டாவுக்கு வேறு மூட்டையைப் பிரித்தோம், 20 கிலோ. களைந்துகொண்டிருந்த அக்கா கையில் கொஞ்சம் அள்ளிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது புது அரிசி மாதிரி இருக்கு. தண்ணியையும் நேரத்தையும் கொறைச்சுக்க" என்றார்.

நான் சொன்ன பதில் இன்றும் காதில் கேட்கிறது. "எனக்குத் தெரியும்க்கா, நீங்க போடுங்க."

எனக்கு ஒன்றும் தெரியாது என்பதுதான் உண்மை. அறுவடையாகி அதிக நாள் ஆகாத அரிசி சீக்கிரம் வெந்துவிடும். முதல் அண்டாவுக்கு வைத்த அதே கணக்கில் விட்டால் குழைந்து கூழாகிவிடும். ஆகிவிட்டது. மூடியைத் திறந்தபோது துடுப்பை நட்டால் அப்படியே நிற்கும் போல இருந்தது.

வெளியே இரண்டாவது பந்திக்கு இலை போட்டாயிற்று. பெண்ணின் தாய்மாமா சமையல்கட்டுக்கே வந்துவிட்டார். "யார்யா சோறு வடிச்சது?" என்று ஒரே சத்தம். நான் அண்டாவுக்குப் பின்னால் போய் நின்றேன். மாஸ்டர் முன்னால் போய், "என் தப்புதாங்க. நான்தான் கவனிக்கல. பத்து நிமிஷம் குடுங்க" என்றார். அவ்வளவுதான். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குழைந்த சோறு தயிர்சாதத்துக்குப் போனது. புது அண்டா ஏறியது. பத்து நிமிஷம் இருபது நிமிஷமாகி, பந்தி நடந்தது. எல்லாம் முடிந்து பாத்திரம் கழுவும்போதுதான் என்னைக் கூப்பிட்டார். திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"முன்னாடியே யாராவது சொன்னாங்களா?"

"அக்கா சொன்னாங்க மாஸ்டர்."

"சோறு கொழைஞ்சது தப்பில்லடா. எனக்கும் கொழைஞ்சிருக்கு. அவ சொன்னதைக் கேக்கல பாரு, அதான் தப்பு."

இதைச் சொல்ல ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், ஒரு சமையல்கட்டில் அடுத்த தலைவரை உருவாக்குவது எப்படி என்று யோசிக்கும்போதெல்லாம் அந்தக் கேள்விதான் நினைவுக்கு வருகிறது. 'யாராவது சொன்னாங்களா?'

இது வெறும் தயிர்சாதத்தோடு முடிகிற விஷயம் இல்லை. 2013-ம் ஆண்டு ஜூலை 16-ம் தேதி பீகாரில் சாரண் மாவட்டத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்துபோனார்கள். சமையலில் சேர்ந்திருந்தது மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து. எண்ணெய் சரியில்லை என்று சமைத்த பெண் சொன்னதாகவும், அதைத் தலைமை ஆசிரியை காதில் வாங்கவில்லை என்றும் அப்போது செய்திகள் வந்தன. 2016-ல் அந்த ஆசிரியைக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு என் பதில்தான் ஞாபகம் வந்தது. "எனக்குத் தெரியும்க்கா, நீங்க போடுங்க." என் அதிர்ஷ்டம், மூட்டையில் இருந்தது வெறும் புது அரிசி.

பெரிய ஹோட்டல் கிச்சன்களில் அடுக்கடுக்காகப் பதவிகள் உண்டு. பிரான்சின் எஸ்காஃபியே (1846-1935) ராணுவத்தில் சமையல்காரராக இருந்தவர். சமையலறையை ஆளுக்கொரு பிரிவாகப் பிரித்து ஒழுங்குபடுத்தியதில் அவர் பெயர்தான் பெரிது. மேலே இருப்பவர் சொன்னால் கீழே இருப்பவர் செய்ய வேண்டும். நூறு இலைக்கு ஒரே நேரத்தில் சாப்பாடு போக அந்த ஒழுங்கு வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் உத்தரவு மேலிருந்து கீழே வருகிற அதே படிக்கட்டில் எச்சரிக்கை கீழிருந்து மேலே போக வழி இருக்கிறதா? அதைத் திறந்து வைப்பதுதான் குருவின் வேலை என்று நினைக்கிறேன்.

நம் ஊர் கணக்கைப் பார்ப்போம். 1982 ஜூலை 1-ம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் என்று அதில் மூன்று படிகள். 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் கிராமத்துப் பள்ளிகளில் சமைப்பது மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். ஹோட்டல்களுக்கும் ஒரு ஏற்பாடு உண்டு. 2017-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் பயிற்சித் திட்டம் ஒன்று கொண்டுவந்தது. உணவைக் கையாளும் 25 பேருக்கு ஒருவராவது பயிற்சி பெற்ற மேற்பார்வையாளராக இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். நல்ல விஷயம். ஆனால் சான்றிதழ் வாங்கிய அந்த ஒருவர், மற்ற 25 பேரில் யாராவது "இது சரியில்லைங்க" என்றால் நின்று கேட்பாரா? அது வகுப்பில் மட்டும் வந்துவிடாது. தனக்கு மேலே இருந்தவர் தன்னை எப்படி நடத்தினார் என்பதிலிருந்து வரும்.

இன்னொன்று, பொறுப்பைக் கொடுக்கிற மனசு. உட்லண்ட்ஸ் ஹோட்டல் கிருஷ்ணா ராவ் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். உடுப்பிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சென்னைக்கு வந்து, ஹோட்டலில் எடுபிடி வேலை பார்த்தவர். அவர் வேலை பார்த்த முதலாளியே ஆச்சாரப்பன் தெருவில் இருந்த ஹோட்டலை அவரிடம் ஒப்படைத்தார், பணத்தைத் தவணையில் கொடுத்தால் போதும் என்று. கிருஷ்ணா ராவ் 1938-ல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸைத் தொடங்கினார். பிறகு அந்தப் பெயர் கடல் தாண்டியும் போனது. எல்லோரும் அவர் உழைப்பைப் பேசுகிறார்கள், நியாயம்தான். நான் அந்த முதலாளியை நினைத்துக்கொள்கிறேன். எடுபிடியாக இருந்த ஒருவரை நம்பிக் கடைச் சாவியைக் கொடுப்பது லேசான காரியமா?

நம் சமையல் உலகில் இதற்கு நேர்மாறும் உண்டு. மசாலா அளவைச் சொல்லாமல் முதுகைக் காட்டிக்கொண்டு போடும் மாஸ்டர்கள் இருக்கிறார்கள். "கை அளவுடா, சொன்னா வராது" என்பார்கள். தொழிலைக் கற்றுக்கொண்டு பையன் எதிர்க்கடை போட்டுவிடுவானோ என்ற பயம். பிழைப்பு சம்பந்தப்பட்டது என்பதால் அந்தப் பயத்தைக் கிண்டல் செய்ய எனக்கு மனசில்லை. ஆனால் அவர்களுக்கு உடம்புக்கு முடியாமல் போகும் நாளில் அந்த ருசியும் அவர்களோடு படுத்துவிடுகிறது.

சரி, கதையை முடிக்கிறேன். அடுத்த முகூர்த்தத்துக்கு என்னைக் கூப்பிட மாட்டார் என்றே நினைத்தேன். கூப்பிட்டார். "சோறு?" என்று தயங்கிக் கேட்டேன்.

"சோறு அக்காவுது. நீ அவளுக்கு ஒத்தாசை. ஒழுங்கா கத்துக்க."

அப்போதுதான் உறைத்தது. பன்னிரண்டு வருடம் அரிசி களைந்தவரை விட்டுவிட்டு, மூன்று வருடம் வாளி தூக்கிய காலேஜ் பையனுக்கு அடுப்பைக் கொடுத்ததில் மாஸ்டரின் தப்பும் இருந்தது. பெண்கள் நறுக்குவார்கள், களைவார்கள், கழுவுவார்கள். அண்டா முன்னால் ஆண்தான் நிற்பான் என்று யாரும் எழுதி வைக்காத ஒரு விதி. "என் தப்புதாங்க" என்று தாய்மாமாவிடம் அவர் சொன்னது என்னைக் காப்பாற்ற மட்டும் இல்லையோ என்று இப்போது தோன்றுகிறது.

அக்கா முதல் அண்டாவை ஏற்றினார். ஒரு பருக்கையை எடுத்து நசுக்கி என்னிடம் நீட்டி, "பதம் பாத்து சொல்லு தம்பி" என்றார்.

எனக்குத் தெரியும் என்று சொல்லாமல் வாங்கிப் பார்த்தேன். "இன்னும் ரெண்டு நிமிஷம்க்கா" என்றேன். "ஒரு நிமிஷம்" என்றார் அக்கா. ஒரு நிமிஷம்தான் சரி.