மச்சத்தைத் தொடாத பென்சில்

அழைப்பிதழைக் கையில் வாங்கியதும் அக்கா கேட்ட முதல் கேள்வி, "மச்சம் எங்கடா?"

அக்கா மகளுக்கு அரங்கேற்றம். சிதம்பரத்தில்தான் பரதம் கற்றாள். படமும் அங்கேயே எடுத்தார்கள். காலை ஒன்பது மணிக்கு மேக்கப்புக்கு உட்கார்ந்தவள் எழுந்தபோது மதியம் ஒன்றரை. அட்டையில் அச்சாகியிருந்தது வேறு யாரோ. மாநிறப் பெண் பால் நிறமாகியிருந்தாள். இடது கன்னத்தில் மிளகளவு மச்சம் ஒன்று உண்டு. என் அம்மாவுக்கும் அதே இடத்தில் இருந்தது. அவர் போன பிறகு அந்த வீட்டில் மிச்சமிருக்கும் அவருடைய அடையாளம் அது. யாரையும் கேட்காமல் அழித்துவிட்டார்கள். ஸ்டுடியோவில் விசாரித்தேன். "எல்லாருக்கும் பண்றதுதான் சார்" என்றார்கள்.

கடலூரில் பத்திரிகை நிருபராக இருக்கும் நண்பரிடம் ஆற்றாமையில் இதைச் சொன்னேன். "திருப்பாதிரிப்புலியூர்ல ஒரு பெரியவர் இருக்கார், வாங்க. நாப்பது வருஷம் டச்சிங் பண்ணவர்" என்றார். நெகட்டிவில் பென்சிலால் முகத்தைத் திருத்தும் வேலைதான் டச்சிங். அப்படித்தான் போனேன்.

பாடலீசுவரர் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்து, ஓட்டு வீடு. பெரியவருக்கு 73 வயது. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பதினாலு வயதில் மஞ்சக்குப்பத்து ஸ்டுடியோ ஒன்றில் தண்ணீர் தூக்கும் பையனாகச் சேர்ந்தவர். படம் கழுவத் தண்ணீர் நிறைய வேண்டும். அந்த இருட்டறை வேலையைப் பற்றியும் வெகு நேரம் சொன்னார்; அதை இங்கே விட்டுவிடுகிறேன். நான் பார்க்கப் போனது அவருடைய பென்சிலை.

மரத்தால் செய்த சாய்வு மேசை ஒன்றைப் பரணிலிருந்து இறக்கி வைத்தார். நடுவில் சதுரமாக வெட்டி, தேய்த்த கண்ணாடி பதித்திருந்தது. அடியில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று சரிவாக இருந்தது. ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டு மேலே எழும்பும். தேய்த்த கண்ணாடி மேல் நெகட்டிவை வைத்தால் முகம் துலங்கும். பக்கவாட்டு வெளிச்சம் கண்ணில் விழாமலிருக்க மேலே அட்டைக் கூரை.

பென்சில் சீவுவதற்கே அவருக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. பிளேடால் மரத்தை மட்டும் சுற்றிச் சுற்றிக் கழித்து, ஓர் அங்குலத்துக்கு மேல் கரித்தண்டை வெளியே எடுத்தார். பிறகு வழவழப்பான உப்புத்தாளில் உருட்டி உருட்டித் தேய்த்தார். கடைசியில் அது ஊசியைப்போல நின்றது. நெகட்டிவின் மீது 'மீடியம்' என்கிற பிசின் கரைசலில் ஒரு சொட்டு விட்டு, பஞ்சால் பரப்பித் துடைத்தார். அது இல்லாமல் வழுக்கும் ஃபிலிமில் கரி பிடிக்காது. பிறகு கண்ணுக்குக் கீழே, கமா போட்ட மாதிரி குட்டிக் குட்டிக் கீறல்கள். பென்சில் பட்டதா படவில்லையா என்பது எனக்குத் தெரியவில்லை. மணிக்கட்டு அசையவில்லை, விரல் நுனி மட்டும் துடித்தது.

"நெகட்டிவ்ல எல்லாம் தலைகீழ் தம்பி. கருப்பு வெள்ளையாத் தெரியும், வெள்ளை கருப்பாத் தெரியும். முகத்துல சுருக்கம், கருவளையம், தழும்பு, மச்சம், எல்லாம் இங்க வெளுப்பா, கண்ணாடி மாதிரி இருக்கும். அதுல பென்சில் வச்சா அடர்த்தி கூடும். பிரிண்டுல அந்த இடம் வெளுக்கும். பென்சிலுக்கு வெளுக்க வைக்க மட்டும்தான் தெரியும். கருக்க வைக்கணும்னா பிளேடு வச்சுச் சொரண்டணும். கொஞ்சம் அழுத்துனா ஃபிலிம் போச்சு."

இதைக் கேட்டதும் சற்று நேரம் வேறெதையும் கேட்கத் தோன்றவில்லை. நம் ஊரில் இத்தனை தலைமுறை மனிதர்களின் முகங்கள், ஒரே திசையில் மட்டும் போகத் தெரிந்த கருவியின் கீழ் வந்து போயிருக்கின்றன. பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கான திட்டத்தின் கீழ், பழைய தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் தேடி மின்படியாக்கியது. 1880 முதல் 1980 வரையிலான படங்கள் அவை. அவற்றில் சிலவற்றைப் பார்த்தபோது முட்டியில் பதிந்த கைகளையும் விறைத்த கழுத்துகளையும்தான் கவனித்திருக்கிறேன். தோலின் மேல் ஓடிய பென்சிலை நினைத்துப் பார்த்ததில்லை.

"அப்போ எல்லாரையும் வெளுத்துத்தான் குடுத்தீங்களாய்யா?" என்று கேட்டேன்.

"கேப்பாங்க. பொண்ணு பாக்கக் குடுக்குற படம்னா கண்டிப்பாக் கேப்பாங்க. எங்க முதலாளி ஒரு கணக்குச் சொல்லிக் குடுத்தாரு. நேத்து வந்தது போகலாம், கூடப் பொறந்தது இருக்கணும். பரு, கொசுக்கடி, தூக்கம் இல்லாத கண்ணு, இதெல்லாம் எடு. மச்சத்தத் தொடாத. எஸ்.எஸ்.எல்.சி. புக்குல அங்க அடையாளம்னு மச்சத்தத்தான எழுதுறாங்க? அதையே அழிச்சா அப்புறம் அவன் யாரு?"

பள்ளிச் சான்றிதழில் எழுதிய மச்சத்தைக் கேட்டுக்கொண்டு பென்சிலை எடுத்த தொழில் இது. ஒரு முகத்துக்கு அவருக்குக் கிடைத்தது ஐம்பது பைசா.

படம் எடுப்பதற்கு முன் நடக்கும் தயாரிப்பைப் பற்றி அவர் சொன்னவை இன்றைக்கும் பயன்படும். ஸ்டுடியோவின் முன்னறையில் ஓர் ஆளுயரக் கண்ணாடி, நூலில் கட்டித் தொங்கவிட்ட சீப்பு, குட்டிக்கூரா பவுடர் டப்பா, ஊருக்கே பொதுவான ஒரு கோட்டு. ஒல்லியான ஆள் போட்டால் கோட்டின் முதுகை இழுத்துத் துணிக் கிளிப் மாட்டுவார்கள். முன்னால் கச்சிதமாகத் தெரியும். தலையில் எண்ணெய் வழிய வந்தவர்களைத் துண்டால் துடைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். எண்ணெயில் விளக்கு வெளிச்சம் பட்டால் நெற்றி முழுக்க வெள்ளைத் திட்டு. வெயிலில் வந்தவர்களைப் பத்து நிமிடம் காற்றாடிக்குக் கீழே உட்கார வைப்பார்கள். பவுடர் போட்டால் கழுத்துக்கும் காதுக்கும் சேர்த்துப் போட வேண்டும். "இல்லன்னா தலை வேற ஆளு, உடம்பு வேற ஆளு." கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையை அவர் முதலாளி விரும்பமாட்டார். சட்டையின் வெளுப்புக்குப் பார்த்து வெளிச்சத்தை அளந்தால் கருத்த முகம் இன்னும் கருத்துப் போகும். வெளிர் நீலச் சட்டை ஒன்று ஆணியில் தொங்கியது அதற்குத்தான்.

நீல ஒளியை மட்டும் வாங்கிக்கொள்ளும் பழைய பிளேட்டுகளில் மஞ்சள் பூசிய முகம் திட்டுத் திட்டாகக் கருக்கும், சிவப்புக் குங்குமம் அட்டைக் கருப்பாகிவிடும் என்று அவருடைய முதலாளி சொல்வாராம். பெரியவர் தொழிலுக்கு வந்த காலத்தில் ஃபிலிம் மாறியிருந்தது. எல்லா நிறத்தையும் வாங்கும் அந்த ஃபிலிமில், குண்டு பல்பு வெளிச்சத்தில் அதே குங்குமம் வெளிறிப்போனது. அதனால் பிரிண்டில் தூரிகையால் பொட்டு வைப்பதும் இவர் வேலை. ஊட்டியில் 1960-இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் 'இண்டு' பேப்பரில் தான் வைத்த பொட்டுகளுக்குக் கணக்கே கிடையாது என்றார்.

பூ தைத்த ஜடைப் படங்களைப் பற்றிப் பேசும்போது அவர் குரலே மாறியது. சிறுமிகளுக்கும் வளைகாப்புப் பெண்களுக்கும் தாழம்பூவும் மல்லிகையும் வைத்து ஜடை தைத்து, அன்று மாலையே ஸ்டுடியோவுக்குக் கூட்டி வருவார்கள். பின்னால் கண்ணாடியை நிறுத்தி, பெண்ணை ஒருக்களித்து நிற்க வைத்து, முகமும் ஜடையும் ஒரே படத்தில் விழும்படி எடுப்பார்கள். கண்ணாடியில் கேமராவும் விழக்கூடாது, படம் பிடிப்பவரும் விழக்கூடாது. காலையில் தைத்த பூ வாடும் முன்னால் முடிக்க வேண்டும். நல்ல நாளில் வாசலில் பதினைந்து இருபது ஜடைகள் காத்திருக்குமாம். சந்து முழுக்கத் தாழம்பூ வாசம்.

இன்னொன்றையும் சொன்னார். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு தேவனாம்பட்டினத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். வீடே போன இடத்தில் படம் எங்கே மிஞ்சும்? மாலை போட ஒரு முகம் வேண்டும் என்று கேட்டார்கள். பழைய நெகட்டிவ் பெட்டிகளைத் திறந்து நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துத் தேடினார்கள். ஓர் அம்மா கல்யாண வீட்டுக் கூட்டப் படத்தில் இருந்த கணவரைக் காட்டினார். அந்தத் தலையை மட்டும் பெரிதாக்கிக் கொடுத்தபோது கடைப் பையன், "நெத்தித் தழும்ப எடுத்துரட்டுமா?" என்று கேட்டிருக்கிறான். அந்த அம்மா பதறிப்போய்ப் படத்தைப் பிடுங்கிக்கொண்டார். தழும்பு இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுத்தார்.

அன்று சிதம்பரத்துக்குப் பேருந்து ஏறும்போது எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. மண்டபத்துக்காரர் கைகாட்டும் ஏஜென்டு, அவருக்குக் கமிஷன் கொடுக்கும் ஆல்பம் காண்டிராக்டர், அவரிடம் படத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு இரவெல்லாம் கண்ணைக் கெடுத்துக்கொள்ளும் கம்ப்யூட்டர் பையன். படத்தில் இருப்பது யார் என்று அவனுக்குத் தெரியாது, கேட்கவும் நேரம் கிடையாது. மொத்தப் படங்களையும் தேர்ந்தெடுத்து ஒரே தட்டில் வெளுத்துத் தள்ளுகிறான். பணம் நடுவில் இருப்பவர்களிடம் நின்றுவிடுகிறது, பழி கடைசியில் இருப்பவன் தலையில் விழுகிறது. இந்த வெளுப்பு நோய் நம் ஊரில் மட்டும் விளைந்ததுமில்லை. கலர் பிரிண்டின் நிறத்தைச் சரிபார்க்க கோடாக் நிறுவனம் லேப்களுக்கு அனுப்பிய அட்டையில் பல காலம் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். ஷெர்லி அட்டை என்று அதற்குப் பெயர். நம் நாட்டில் 1975-இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020-இல் பெயரை மாற்றிக்கொண்டது. மேக்கப் பெட்டியில் நம் தோலுக்கான நிறம் இன்னும் அடித்தட்டில்தான் கிடக்கிறது. ஒரு பெண்ணைக் கேட்காமல் அவள் நிறத்தை மாற்ற எவருக்கும் உரிமை இல்லை. அவளே பணம் கொடுத்திருந்தாலும் கேட்டாக வேண்டும்.

பெரியவரிடம் கடைசியாகத் தொழில் கற்றவர் சிதம்பரம் கீழவீதிப் பக்கம் சிறு ஸ்டுடியோ வைத்திருக்கிறார். அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பட்டமளிப்புக் காலத்தில் கருப்பு அங்கியும் நாடா கட்டிய காகிதச் சுருளும் வைத்துப் படம் எடுப்பது ஒரு வருமானம். மகா சிவராத்திரியை ஒட்டி 1981 முதல் நடந்துவரும் நாட்டியாஞ்சலிக்கு வரும் பெண்கள் இன்னொரு வருமானம். அழைப்பிதழை மறுபடி அச்சடிப்பது என்று முடிவாகியிருந்ததால் அக்கா மகளையும் அழைத்துப் போனேன்.

அவர் முதல் படத்தைப் பார்த்ததுமே, "இது திரும்பியிருக்கு சார்" என்றார். எனக்குப் புரியவில்லை. தலைச்சாமானில் சூரியன் வலப்பக்கம் இருக்க வேண்டும், சந்திரன் இடப்பக்கம். படத்தில் அவை இடம் மாறியிருந்தன. வடிவமைப்புக்குத் தோதாக யாரோ படத்தைக் கண்ணாடி பிம்பமாகப் புரட்டியிருந்தார்கள். "நெகட்டிவ மாத்திப் போட்டுட்டமான்னு அந்தக் காலத்துல சட்டைப் பொத்தானைப் பாக்கச் சொல்லுவாரு ஐயா." மச்சம் மட்டும் இருந்திருந்தால் அதுவே காட்டிக்கொடுத்திருக்கும்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு வரச் சொன்னார், வெயில் ஏறுவதற்குள். "மேடை மேக்கப் கடைசி வரிசைக்குத் தெரியறதுக்காகப் போடுறது பாப்பா. இங்க கேமரா நாலடியில இருக்கு" என்று சொல்லி, பான்கேக் வேண்டாம் என்றுவிட்டார். முகம் கழுவி, ஈரம் உலர்ந்த பிறகு லேசாகப் பவுடர். கண்ணுக்கு மை உண்டு, ஆனால் மேடையில் இழுக்கும் நீளத்தில் பாதிதான். நெற்றிச்சுட்டியின் கெம்புக் கல் விளக்கில் மின்னியது. தலையைக் கொஞ்சம் சாய்க்கச் சொன்னார், மின்னல் அடங்கியது. மல்லிகைச் சரத்தின் ஒரு முனையைத் தோளுக்கு முன்னால் இழுத்துவிட்டார். முன்னாலிருந்து பார்த்தால் பின்தலைப் பூ தெரியாது.

பிறகு கம்ப்யூட்டர். பலகையில் மின்பேனாவை வைத்து அவர் போட்டதும் அதே கமாக் கீறல்தான். தாடையில் முந்தின இரவு கடித்த கொசுக்கடி மறைந்தது. பேனா கன்னத்தருகே வந்து நின்றது.

"மாமா, அது இருக்கட்டும்னு சொல்லுங்க" என்றாள் மருமகள்.

"நான் தொடவே மாட்டேன் பாப்பா" என்றார் அவர், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

பிரிண்டை எடுத்துக்கொண்டு மறுவாரம் திருப்பாதிரிப்புலியூர் போனேன். பெரியவர் வாசல் வெளிச்சத்துக்கு நாற்காலியை நகர்த்தி, பூதக்கண்ணாடியை எடுத்து, மச்சத்தைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு கண்ணாடியை மெல்ல நகர்த்திக்கொண்டே போய் இடது காதுக்குப் பின்னால் நிறுத்தினார்.

"பவுடர் திட்டு நிக்குது பாருங்க" என்றார். "அவனுக்கு ஒரு போன் போடுங்க தம்பி."