ஆம்பூரில் ஒரு தோல் பையும் மூன்று கறைகளும்

சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை செல்லும் ரயில் பாதையில் காட்பாடி, குடியாத்தம் தாண்டினால் ஆம்பூர். ஏறக்குறைய 180 கிலோமீட்டர். ஊர்ப் பெயரைச் சொன்னதும் பலருக்கும் சீரகச் சம்பா பிரியாணியும், கூடவே வரும் கத்தரிக்காய்த் தொக்கும்தான் நினைவுக்கு வரும். ஆனால், அந்தச் சனிக்கிழமை காலை ரயிலை விட்டு இறங்கிய அம்மாவுக்கும் மகளுக்கும் பிரியாணி ஞாபகமே இல்லை. அம்மாவின் கையில் ஒரு துணிப்பை. அதற்குள் பழுப்பு நிறத்தில் பழைய தோல் பை ஒன்று.

பை, அம்மாவின் அப்பாவுடையது. தலைமை ஆசிரியராக இருந்தவர். 1988-ல் இதே ஆம்பூரில் வாங்கி, ஓய்வு பெறும் நாள்வரை தோளில் மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனார். அவர் காலமான பிறகு பை பரணுக்கு ஏறியது. பேத்திக்கு இப்போது முதல் வேலை கிடைத்திருக்கிறது. இன்னும் ஒன்பது நாளில் சேர வேண்டும். "தாத்தா பையைத்தான் எடுத்துட்டுப் போவேன்" என்று ஒரே பிடிவாதம்.

பரணிலிருந்து இறக்கியபோதே பையில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. அதைத் துடைத்துவிட்டு, டிபன் பாக்ஸ் வைத்து ஒரு நாள் ஒத்திகை பார்த்தார்கள். சாம்பார் கசிந்தது. பதறிப்போன அம்மா, பாத்திரம் தேய்க்கும் சோப்பைப் போட்டுக் கழுவினார். மஞ்சளாக இருந்த கறை சிவப்பாக மாறியது! போதாக்குறைக்கு மொட்டை மாடி வெயிலில் காயவைத்தார். மாலையில் எடுத்தபோது பை அப்பளம்போல விறைத்துக் கிடந்தது. பக்கிளைச் சுற்றி எங்கிருந்தோ கறுப்பு வளையம். 'அப்பா இத்தனை வருஷம் காப்பாத்தினதை நான் ஒரே நாள்ல கெடுத்துட்டேனே' என்று அன்றிரவு அவர் தூங்கவே இல்லை.

வாங்கின ஊரிலேயே கேட்டுப் பார்ப்போம் என்றுதான் இந்தப் பயணம்.

தோலின் ஊர்

2019-ல் உருவான திருப்பத்தூர் மாவட்டத்தில், பாலாற்றங்கரையில் இருக்கிறது ஆம்பூர். சரித்திரப் புத்தகங்களிலும் இந்த ஊருக்கு இடமுண்டு. ஆற்காடு நவாப் அன்வருதீன் கான் போரில் உயிரிழந்தது 1749-ல் இங்கேதான். இன்று ஆம்பூரும், பக்கத்தில் இருக்கும் வாணியம்பாடியும், சற்றுத் தள்ளியிருக்கும் ராணிப்பேட்டையும் தோலுக்குப் பெயர்போன ஊர்கள். இங்கே தைக்கப்படும் ஷூக்கள் வெளிநாட்டுக் கடைகளில் விற்பனைக்கு நிற்கின்றன.

காலை நேரத்தில் ஊரே பரபரப்பாக இருக்கும். ஷூ கம்பெனி பஸ்கள் சுற்றுவட்டார கிராமங்களிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வரிசையாக வரும். இறங்குகிறவர்களில் பெண்கள்தான் அதிகம். தலையில் பூ, கையில் டிபன் பை, கழுத்தில் அடையாள அட்டை. பல குடும்பங்களில் அடுப்பு எரிவது இவர்களின் சம்பளத்தில்தான்.

தோல் எளிதில் பையாகிவிடுவதில்லை. பச்சைத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு முடியை நீக்கி, ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்டி எடுத்த பிறகுதான் பதனிடவே முடியும். அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான் பதனிடும் சரக்கு. அப்படிப் பதனிட்ட தோல், 'ஈ.ஐ. லெதர்' என்ற பெயரில் வெளிநாடுகளுக்குக் கப்பலேறியது. இன்று அதற்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. பட்டையில் பதனிட வாரக்கணக்கில் ஆகும். பின்னர் வந்த குரோமிய உப்பு அந்த வேலையைச் சில நாட்களுக்குள் முடித்துவிட்டது. குரோமியத்தில் ஊறி வரும் தோல் நீலம் பாய்ந்திருக்கும். தொழிலில் அதை 'வெட் புளூ' என்கிறார்கள்.

இந்தத் தொழிலுக்கு விஞ்ஞானத் துணை சென்னை அடையாறில் இருக்கிறது. 1948-ல் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் அது. அதன் இயக்குநராக இருந்து, ஆராய்ச்சிக்கூடத்தையும் தோல் தொழிலையும் இணைத்தவர் விஞ்ஞானி நாயுடம்மா. 1985-ல் 'கனிஷ்கா' விமானக் குண்டுவெடிப்பில் அவர் உயிரிழந்தது பெரிய இழப்பு.

ஒரு சொட்டுத் தண்ணீர்

கடைவீதியில் விசாரித்துக்கொண்டே போனதில், ஒரு சந்துக்குள் தையல் மெஷின் ஒன்றும் பலகை ஒன்றும் மட்டுமே இருக்கும் சின்னக் கடையைக் காட்டினார்கள். எழுபது வயதைத் தாண்டிய பெரியவர். "வாங்கம்மா, உட்காருங்க" என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டார். பையை வாங்கியவர் கறையைப் பார்க்கவில்லை. முதலில் முகர்ந்து பார்த்தார். பிறகு, மடிப்புக்குள் வெளியே தெரியாத ஓரிடத்தில் விரல் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தார்.

சொட்டு உள்ளே இறங்கியது. அந்த இடம் கறுத்தது.

"பட்டையில பதனிட்ட தோல்மா. மேல பூச்சு ஏதும் இல்லை. நாம உடம்புக்கு எண்ணெய் தேய்ச்சா இழுக்குது பாருங்க, அது மாதிரி எதை வச்சாலும் உள்ள இழுத்துக்கும். சொட்டு மேலேயே முத்து மாதிரி நின்னா பூச்சு இருக்கற தோல். அதை ஈரத்துணியால துடைச்சா போதும்."

எந்தத் தோல் பொருளுக்கும் முதல் வைத்தியம் இந்தச் சோதனைதான். தோலின் வகை தெரியாமல் கை வைத்தால், கறையைவிட மருந்து அதிகக் கெடுதல் செய்துவிடும்.

"சோப்பு போட்டீங்களா?" என்றார் அடுத்து. அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

"சோப்பு போட்டதுமே சிவந்துச்சா? மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தா ஆரத்தி மாதிரி சிவக்கும் இல்லையா, அதான்மா இது. எல்லாரும் பண்றதுதான், விடுங்க."

மகளுக்குச் சட்டென்று பள்ளி ஆய்வகம் ஞாபகம் வந்தது. மஞ்சள் தடவிய தாளில் சோப்புத் தண்ணீர் பட்டால் சிவக்கும். காரத்தன்மையைக் கண்டுபிடிக்கும் எளிய பரிசோதனை. தோல் இயல்பிலேயே சற்று அமிலத்தன்மை உள்ளது. சோப்பும் சமையல் சோடாவும் அதற்கு நேர் எதிர். கறையோடு சேர்த்துத் தோலின் எண்ணெய்ப் பசையையும் எடுத்துவிடும். வெயிலும் சேர்ந்துகொண்டால் விறைத்துப்போகும்.

பெரியவர் வினிகரில் நிறையத் தண்ணீர் கலந்து, பஞ்சை நனைத்துப் பிழிந்துவிட்டு ஒற்றினார். தேய்க்கவில்லை. சிவப்பு மெல்ல மஞ்சளானது. "இனி மஞ்சள் தானா வெளுக்கும். நாளாகும். அவசரப்படக் கூடாது" என்றார். எண்ணெய்க் கறையின் மேல் சோளமாவைத் தூவி ஓரமாக வைத்தார். இரவு முழுக்க மாவு எண்ணெயை உறிஞ்ச வேண்டும். காலையில் மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட்டு, மறுபடி தூவ வேண்டும். கசிந்த உடனே செய்திருந்தால் பெரும்பகுதி போயிருக்கும். ஒரு வாரம் ஆகிவிட்டதால் பாதிதான் போகும்.

பக்கிளைச் சுற்றிய கறுப்பு? அது அழுக்கே இல்லை. கடுக்காயில் இருக்கும் துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கறுப்பாகும். அந்தக் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து எழுதும் மை காய்ச்சியது இந்த வித்தையால்தான். பையைக் கழுவியபோது இரும்பு பக்கிள் நனைந்து, தோலிலேயே மை தயாராகிவிட்டது! எலுமிச்சைச் சாற்றைத் தண்ணீர் கலந்து ஒற்றினால் மங்கும். கையோடு பக்கிளைப் பித்தளைக்கு மாற்றிவிட வேண்டும்.

பூஞ்சைக்குக் காரணம், பரணில் வைத்தபோது சுற்றிய பிளாஸ்டிக் கவர். காற்று நுழையாத இடத்தில் ஈரம் தங்கும். ஈரம் தங்கினால் பூஞ்சை வரும்.

கறுப்பா, கைத்தடமா?

எல்லாம் சொல்லிவிட்டுப் பெரியவர் இன்னொரு வழியும் சொன்னார். "திங்கட்கிழமைக்கே புதுசு மாதிரி வேணும்னா கறுப்புச் சாயம் ஏத்திடலாம். ஒரு கறையும் தெரியாது. ஆனா, இதுவும் போயிடும்" என்று கைப்பிடியைத் திருப்பிக் காட்டினார்.

கைப்பிடியின் நடுவில் நாலு விரல் அகலத்துக்குத் தோல் கருத்து, கண்ணாடிபோல வழவழவென்று இருந்தது. அம்மாவும் அதைக் கறை என்றுதான் நினைத்திருந்தார்.

"இது கறை இல்லம்மா. அப்பாவோட கை. வேர்வையும் சூடும் பட்டுப் பட்டு இப்படி ஆகும். பட்டைத் தோல்ல மட்டும்தான் இந்த அழகு வரும். இதை எந்த மருந்தாலயும் கொண்டுவர முடியாது."

அம்மா மகளைப் பார்த்தார். அலுவலகத்துக்கு எடுத்துப் போகப் போகிறவள் அவள்தானே. மகள் யோசிக்கவே இல்லை. "சாயம் வேணாம் தாத்தா. கறை இருந்தா இருக்கட்டும்."

"அப்போ அடுத்த சனிக்கிழமை வாங்க."

ஆற்றில் படிந்த கறை

பையை ஒப்படைத்த பிறகுதான் இருவருக்கும் பசி தெரிந்தது. பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் பாலாற்றுப் பக்கம் போனார்கள். கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஆந்திரம் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் வரும் ஆறு. வருடத்தில் பெரும்பாலான நாட்கள் வெறும் மணல்தான். ஒருகாலத்தில் மணலைக் கையால் தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறிய ஆறு இது.

தோலுக்கு வேலை கொடுத்த ஊர்கள் அதற்கான விலையை இந்த ஆற்றில் கொடுத்தன. பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் நிலத்தடி நீரையும் வயல்களையும் கெடுத்தது. கிணற்று நீர் குடிக்க முடியாமல் போனது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும்' என்ற கொள்கையை நாட்டின் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது. ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. கழிவுநீரைச் சுத்திகரிக்காத ஆலைகள் இயங்க முடியாது என்றானது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களோடு தொழில் தொடர்கிறது. ஆனாலும், பாலாற்றின் வழக்கு அத்துடன் முடியவில்லை. 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் இதே ஆற்றின் பாதிப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது.

பையில் விழுந்த எண்ணெயை அன்றே துடைத்திருந்தால் போயிருக்கும். நாள் கடந்ததால் பாதிதான் போகும். ஆற்றின் கதையும் ஏறக்குறைய அதுதான்.

ஒரு தோல் பொருளை இருபது, முப்பது வருடம் வைத்துப் புழங்குவதும் ஆற்றுக்குச் செய்யும் சின்ன உதவிதான். அத்தனை வருடங்களுக்கு இன்னொரு தோல் பதனிடும் தொட்டியில் இறங்க வேண்டியதில்லை.

வீட்டில் கவனிக்க…

* எண்ணெய், நெய் பட்டால் உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். தண்ணீர் வேண்டாம். சோளமாவு அல்லது டால்கம் பவுடரை இரவு முழுக்கத் தூவி வையுங்கள்.

* மழையில் நனைந்தால், உள்ளே வெள்ளைத் தாளைத் திணித்து நிழலில் காற்றாட உலர விடுங்கள். வெயில், ஹேர் டிரையர் இரண்டுமே ஆகாது. செய்தித்தாளின் மை வெளிர் நிறத் தோலில் ஒட்டும்.

* பேனா மைக்கு நெயில் பாலிஷ் ரிமூவர் போடாதீர்கள். மையோடு தோலின் நிறமும் வந்துவிடும். அதைத் தொழில் தெரிந்தவரிடம் விடுவதே நல்லது.

* சானிடைசர் தடவிய கை நன்றாகக் காய்ந்த பிறகே பையைத் தொடுங்கள். அதிலுள்ள ஆல்கஹால் பூச்சை மங்கச் செய்யும்.

* புது ஜீன்ஸின் சாயம் வெளிர் நிறப் பையில் ஏறும். இரண்டும் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

* தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் வேண்டாம். தோல் கறுக்கும், தூசி ஒட்டும், நாளடைவில் சிக்கு வாடை வரும். தோலுக்கான கிரீமை மெல்லிய பூச்சாகத் தடவினால் போதும்.

* ஸ்வீட் (மெத்தென்ற ரோமப்பரப்புள்ள தோல்) வகைக்குத் தண்ணீரும் கிரீமும் கூடாது. உலர்ந்த பிரஷ் மட்டும்.

* எடுத்து வைக்கும்போது பிளாஸ்டிக் கவர் வேண்டாம். பழைய தலையணை உறை போதும். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை வெளியே எடுத்துக் காற்றாட வையுங்கள்.

* எதைத் தடவுவதானாலும் முதலில் வெளியே தெரியாத இடத்தில் சோதித்துப் பாருங்கள்.

அடுத்த சனிக்கிழமை

மறுவாரம் போனபோது பை பலகை மேல் தயாராக இருந்தது. விறைப்பு போயிருந்தது. ஒரே நாளில் கிரீமை அப்பாமல், தினமும் கொஞ்சமாகத் தடவியிருந்தார் பெரியவர். கறுப்பு வளையம் மங்கலான நிழலாகிவிட்டது. மஞ்சளும் எண்ணெயும் இருந்த இடம், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிறது. புதுப் பித்தளைப் பக்கிள் பளிச்சென்று மின்னியது. கைப்பிடியை அவர் தொடவே இல்லை.

அம்மா பையை மடியில் வைத்து, கைப்பிடியை ஒருமுறை பிடித்துப் பார்த்தார். பிறகு மகளிடம் கொடுத்தார்.

காசு வாங்கிக்கொண்ட பெரியவர், பழைய இரும்புப் பக்கிளைத் தாளில் சுற்றி நீட்டினார். "தாத்தாவுது, பத்திரமா வச்சிக்க பாப்பா" என்றவர், மகள் அதைப் பைக்குள் போடப் போனதும் பதறிக் கை நீட்டித் தடுத்தார்.

"அதுல போடாதேம்மா! மறுபடியும் கறையாயிடும். டிபன் பாக்ஸையும் தனியா எடுத்துட்டுப் போ!"