கிரப்பில் அடிக்கிறது, லாகினில் அடிக்கவில்லை

இரவு பத்தரை. தங்கை போன். “அண்ணா, லினக்ஸ் போட்டதிலிருந்து கீபோர்டு செத்துப்போச்சு. டச்பேட் மட்டும் ஓடுது.”

புதுக் கீபோர்டு வாங்காதே என்றேன். ஆன் செய்ததும் எஸ்கேப் தட்டி, லினக்ஸ் ஏறுமுன் வரும் கிரப் மெனுவுக்குப் போகச் சொன்னேன். கீழ் அம்பை அழுத்தினால் பட்டை இறங்குகிறதாம். பாதிக் கவலை தீர்ந்தது. விசைகளும் ரிப்பன் கேபிளும் நலம். லினக்ஸ் காதில்தான் விழவில்லை.

பல லேப்டாப்புகளில் உள்ளிருக்கும் கீபோர்டு யூஎஸ்பி இல்லை, பழைய பிஎஸ்/2 வகை. 1984-இல் ஐபிஎம் ஏடி கணினியில் இருந்த இன்டெல் 8042 கன்ட்ரோலர் சிப்பின் பாஷையையே இன்னும் பேசுகிறது. ‘ஏ’ விசையை அழுத்தினால் கெர்னலுக்கு 30 வரும், விட்டால் 158. ஒவ்வொன்றுக்கும் இன்டரப்ட் 1 கதவைத் தட்ட வேண்டும். பூட் ஆகும்போது கன்ட்ரோலர் குழம்பிக் கிடந்தால் தட்டல் வராது.

மருந்தை அதே கீபோர்டில்தான் அடிக்க வைத்தேன். கிரப்பில் ‘இ’ விசை, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் கடைசி, ஓர் இடைவெளி, பிறகு ‘ஐ8042.ரீசெட்’ ஆங்கில எழுத்தில். எஃப்10. பலனில்லை. எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொன்னேன்: சின்ன ‘ஐ’க்குப் பதில் 1 என்று அடித்திருக்கிறாள். தப்பாக அடித்தால் கெர்னல் நின்று கேட்காது, பேசாமல் தாண்டிப் போய்விடும். திருத்தினாள். பாஸ்வேர்டு பெட்டியில் புள்ளிகள் விழுந்தன!

இந்தத் திருத்தம் ஒரு முறை பூட் ஆவதற்கு மட்டும். நிலைக்க வேண்டுமானால் ஈடிசி/டீஃபால்ட்/கிரப் கோப்பில், ‘கொயட் ஸ்பிளாஷ்’ பக்கத்தில், மேற்கோள் குறிக்குள்ளேயே சேர்த்து, சூடோவோடு அப்டேட்-கிரப் ஓட்ட வேண்டும்.

ரீசெட் கேட்காவிட்டால் அதே ‘ஐ8042.’ முன்னொட்டோடு ‘நோமக்ஸ்’. அதற்கும் அசையாவிட்டால் ‘டம்ப்கேபிடி’. அதில் கேப்ஸ் லாக் விளக்கு எரியாது, பயப்பட வேண்டாம்.

2022 வாக்கில் வந்த ரைசன் 6000 லேப்டாப்புகள் சிலவற்றில் கதை வேறு. இன்டரப்ட் 1-இன் சைகையை எப்படிப் படிப்பது என்பதில் ஃபர்ம்வேர் சொன்னதும் கெர்னல் எடுத்துக்கொண்டதும் ஒத்துப்போகவில்லை. அங்கே புதுக் கெர்னல்தான் வழி.

விசையை அழுத்திப் பிடித்தால் மட்டும் எழுத்து வருகிறதா? அது ‘ஸ்லோ கீஸ்’. ஷிஃப்டை 8 விநாடி பிடித்திருந்தால் தானாக ஆன் ஆகியிருக்கலாம்.

நாளை கேட்க வேண்டியது: மூடி வைத்துத் திறந்தபின் கீபோர்டு எழுந்திருக்கிறதா?