குக்கி என்னும் டோக்கன்

சைக்கிள் ஸ்டாண்டில் வண்டியை விட்டால் ஒரு டோக்கன் தருவார்கள். திரும்பி வரும்போது முகத்தை யாரும் பார்ப்பதில்லை. டோக்கன் யார் கையில் இருக்கிறதோ, வண்டி அவருக்கு. இணையத்தில் குக்கியும் அப்படித்தான்.

1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மான்டுல்லி இதை உருவாக்கினார். ஹெச்டிடிபிக்கு ஞாபகசக்தி கிடையாது. ஒவ்வொரு பக்கத்தைக் கேட்கும்போதும் நீங்கள் அதற்குப் புது ஆள். அதனால் லாகின் செய்ததும் சர்வர் ஒரு நீண்ட எண்ணைக் கொடுக்கிறது. உலாவி அதை ஒவ்வொரு முறையும் திருப்பிக் காட்டுகிறது. பாஸ்வேர்டின் வேலை வாசலோடு முடிந்தது!

அந்த டோக்கன் களவு போனால்?

2010 அக்டோபரில் எரிக் பட்லர் என்பவர் ஃபயர்ஷீப் என்ற ஃபயர்பாக்ஸ் நீட்சியை வெளியிட்டார். காபிக் கடையின் பூட்டில்லாத வைஃபையில் அதை ஓடவிட்டால், பக்கத்து மேஜைக்காரரின் ஃபேஸ்புக் பெயரும் படமும் திரையில் வரும். இரண்டு முறை சொடுக்கினால் அவர் கணக்குக்குள் போய்விடலாம். பாஸ்வேர்டை யாரும் உடைக்கவில்லை. பல தளங்கள் லாகின் பக்கத்தை மட்டும் மறையாக்கம் செய்துவிட்டு, குக்கியைத் திறந்தபடி அனுப்பிக்கொண்டிருந்தன. கதவைப் பூட்டிச் சாவியைத் திண்ணையில் வைத்த கதை. 2011 ஜனவரியில்தான் ஃபேஸ்புக், தளம் முழுவதற்கும் ஹெச்டிடிபிஎஸ் வசதியை, அதுவும் விரும்புவோருக்கு மட்டும், கொடுத்தது.

குக்கியை அமைக்கும் வரியில் மூன்று சொற்கள் வேண்டும்.

செக்யூர்: ஹெச்டிடிபிஎஸ் வழியாக மட்டுமே குக்கி போகும். நெட்ஸ்கேப் காலத்திலேயே இருந்த சொல் இது. ஆனால் இதைப் போட்டால் தளம் முழுவதும் ஹெச்டிடிபிஎஸ் ஆக வேண்டும். அங்கேதான் பலர் தயங்கினார்கள்.

ஹெச்டிடிபி-ஒன்லி: 2002-ல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6-ல் வந்தது. பக்கத்துக்குள் யாராவது ஜாவாஸ்கிரிப்ட்டை நுழைத்துவிட்டாலும் அதனால் குக்கியைப் படிக்க முடியாது. ஆனால் அந்த ஸ்கிரிப்ட் உங்கள் பெயரில் வேறு வேலைகளைச் செய்வதை இது தடுக்காது.

சேம்சைட்: வேறொரு தளம் உங்கள் உலாவியைத் தூண்டி, உங்கள் வங்கிக்குப் பணம் அனுப்பும் படிவத்தை அனுப்ப வைத்தால், குக்கி கூடவே போகாது. 2020-ல் குரோம், எதுவும் எழுதாத குக்கிகளுக்கு இதன் ‘லாக்ஸ்’ நிலையைத் தானாகவே பொருத்தத் தொடங்கியது.

இவற்றோடு, எண் ஊகிக்க முடியாததாக இருக்க வேண்டும். லாகினின்போது புதிதாக மாற வேண்டும். லாக்அவுட் செய்ததும் சர்வரிலேயே செத்துப்போக வேண்டும்.

காபிக் கடையில் உட்கார்ந்திருந்தவர் எவ்வளவு நீளமான பாஸ்வேர்டு வைத்திருந்தாலும் பயனில்லை. அவரைக் காப்பாற்றியிருக்க வேண்டியது நிரல் எழுதியவர். அடுத்த ப்ராஜெக்டில் லாகின் பக்கம் எழுதும்போது அந்தப் பக்கத்து மேஜைக்காரரைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.